கொடைக்கானல் சீசன் வீடு: காலி செய்யும்போதுதான் தரம் தெரியும்

ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்குக் கொடைக்கானலில் சாமான்களோடு வாடகைக்கு விடும் வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையோடு நிறுத்திவிடுகிறார்கள். நாயுடுபுரமோ அட்டுவம்பட்டியோ, காட்சிக்கு எங்கும் குறையில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று மூட்டை கட்டும் கடைசி இரண்டு நாளில்தான் வீட்டின் தரமும் வீட்டுக்காரரின் குணமும் தெரியவரும். எங்கள் மதிப்பெண்ணும் அந்த இரண்டு நாளுக்குத்தான்.

வீட்டுக்காரர் அதே காம்பவுண்டில் குடியிருக்கும் வீட்டுக்கு முதலிடம். சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பார்த்து, அங்கேயே கணக்கு முடித்து அட்வான்ஸைக் கொடுத்துவிடுவார். சாவி வாட்ச்மேனிடம், பணம் வெளியூர் முதலாளியிடம், பேச்சு புரோக்கரிடம் என்று மூன்று கை மாறும் வீட்டில்தான் அட்வான்ஸ் இழுத்தடிக்கும். அப்படிப்பட்ட வீட்டை எடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தகராறு பெரும்பாலும் கரண்ட் பில்லில்தான் கிளம்பும். 2000 வாட் ரூம் ஹீட்டர் ராத்திரி 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். 60 நாளைக்கு அது மட்டுமே 480. கீஸரும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறது. உங்கள் 60 நாளும் மின்வாரியத்தின் ரீடிங் தேதியும் ஒத்துப்போகாது என்பதால் "பில் வரட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சு இருவருக்குமே நல்லதல்ல. யூனிட்டுக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, வரும் நாளும் போகும் நாளும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி ஓடும். கிலோவாட் மணி (kWh) என்று காட்டும் எண்தான் கணக்கு.

கேஸில் எவ்வளவு மிச்சம் என்பதற்கும் வாக்குவாதம் தேவையில்லை. காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும். தராசில் வைத்துப் பார்த்து அதைக் கழித்தால் மீதி கேஸ். தராசு இல்லையென்றால் ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். திரவம் நிற்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும்.

இந்த ஊரில் வீட்டைக் கெடுப்பது ஈரம்தான். வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், நம் மூச்சும் சமையல் ஆவியும் அதில் பட்டு நீர்த்துளியாகும். சுவரோடு ஒட்டிய பீரோவுக்குப் பின்னால் காற்றே போகாததால் அங்கே பூசணம் பிடிக்கும். பீரோவை நாலு விரல் தள்ளிப் போட்டிருக்கிற வீட்டுக்காரர் விஷயம் தெரிந்தவர். மெத்தையின் அடிப்பக்கத்தை முதல் நாளே புரட்டிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் படம் எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள், கிளம்பும் நாளில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். போகும்போது மெத்தையைக் கட்டிலில் படுக்க விடாமல் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் உதவி. ஃபிரிட்ஜை முந்தின சாயங்காலமே அணைத்து, ஐஸ் கரைந்ததும் துடைத்து, மடித்த துணியைக் கதவிடுக்கில் செருகித் திறந்தபடி விடுங்கள்.

துணி விஷயத்தில் கை ஏமாற்றும். குளிரில் ஈரத்துணியும் காய்ந்த துணியும் தொட்டால் ஒன்றுபோலவே சில்லென்றிருக்கும். பேன்ட்டின் இடுப்புப் பட்டையில் இஸ்திரிப் பெட்டியை வையுங்கள், ஆவி வந்தால் இன்னும் காயவில்லை. அதைப் பையில் திணித்து மதுரை வெயிலுக்கு இறக்கினால் வீடு போய்ச் சேர்வதற்குள் புளித்த நாற்றம் அடிக்கும். மே கடைசியில் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி வந்துவிடுவது வழக்கம் என்பதால் துவைக்கும் வேலையைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது.

கணப்பு உள்ள வீட்டில் முந்தின ராத்திரி எரித்த சாம்பலைக் கடைசி நாள் அள்ளக் கூடாது. மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடிருக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். அதனால் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி தீ மூட்டாமல் இருங்கள். சமையலறைக் கழிவை வாசலில் வைத்துவிட்டும் போகாதீர்கள், ராத்திரியில் காட்டெருமையோ விடிந்ததும் குரங்கோ அதை இறைத்துவிடும்.

கூட்டிப்போகக் கீழிருந்து வரும் காருக்கும் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இருக்கும் இந்த நடைமுறையைக் காலி வண்டிதானே என்று பலர் மறந்துவிடுகிறார்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்து, வழியில் இருக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் (சில்வர் காஸ்கேட்) கூட்டம் சேர்வதற்கு முன் காலை ஏழுக்குள் இறங்கிவிட்டால் நிம்மதி.

பழம், பூண்டு இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. பிளம்ஸ் கெட்டியாக இருக்கும்போதே வாங்கி, அட்டைப்பெட்டியில் காகிதம் விரித்து மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். கொண்டைஊசி வளைவுகளில் அடி அடுக்குதான் நசுங்கும். மலைப்பூண்டுக்கு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பூண்டுக்கு, பிளாஸ்டிக் பை ஆகாது. கொத்தாகக் கட்டி வலைப்பையில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும்.

இன்னொன்று: ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே இறுக்கி மூடிய தண்ணீர் பாட்டில் வத்தலக்குண்டு வருவதற்குள் உள்வாங்கி நசுங்கியிருக்கும். எவர்சில்வர் டப்பாவின் மூடியோ வீட்டுக்கு வந்தபின் எத்தனை பேர் முறுக்கினாலும் அசையாது. சூடான தண்ணீரில் டப்பாவைச் சற்று நேரம் நிற்க வைத்தால் திறக்கும், திறந்ததும் உள்ளிருந்து அந்த வீட்டுச் சமையலறையின் யூகலிப்டஸ் விறகு வாசனை ஒரு கணம் வரும்.