பிளஸ் டூ நுண்கணிதப் பயிற்சி என்று 9,800 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்: பெற்றோர் கவனத்துக்கு

பொதுத்தேர்வுக்கு நுண்கணிதத்தை (கால்குலஸ்) மட்டும் தனியாகக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு கைப்பேசிச் செயலி நிறுவனத்திடம் 9,800 ரூபாயை இழந்திருக்கிறோம். நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில் இன்னொரு வீட்டுப் பணமும் இப்படிப் போகக் கூடாது.

என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் படிக்கிறாள். கணிதத்தின் முதல் தொகுதி அவளுக்குச் சிரமமில்லை. இரண்டாம் தொகுதியில் 7 முதல் 10 வரையுள்ள நுண்கணிதப் பாடங்கள்தான் அவளைப் பயமுறுத்தின. அந்த நிறுவனத்தின் இலவச மாதிரி வகுப்பில், சுவரில் சாய்த்த ஏணி சறுக்கும் கணக்கை ஓர் ஆசிரியர் நடத்தினார். ஏணியின் நீளம் மாறாது, அடி விலகும் தூரமும் உச்சியின் உயரமும்தான் மாறுகின்றன, ஆகவே பிதாகரஸ் தேற்றத்தை எழுதி நேரத்தைப் பொறுத்து வகையிடு என்று அவர் நல்ல தமிழில் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதி முடிப்பதற்குள் மகள் விடையைச் சொல்லிவிட்டாள். பல மாதங்களாக அந்தப் புத்தகத்தைத் திறக்கவே தயங்கிய பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்த எந்தத் தாயும் பணம் கட்டியிருப்பாள். அடுத்த நாளே ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, "நம்பிக் கட்டுங்கம்மா, கால்குலஸ்ல பாப்பாவுக்கு ஒரு மார்க் கூடப் போகாது" என்றார். நேரலை வகுப்பு, அன்றன்றே சந்தேகம் தீர்த்தல், அச்சிட்ட குறிப்பேடு எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய்.

அந்த ஆசிரியரை அதன்பின் நாங்கள் பார்க்கவே இல்லை. நேரலை என்ற பெயரில் வந்தவை, சிபிஎஸ்இ மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் எப்போதோ பதிவு செய்த காணொளிகள். எட்டாம் பாடத்தின் பகுதி வகைக்கெழுக்களோ ஆய்லர் தேற்றமோ அவற்றில் இல்லை, ஏனென்றால் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் அவை கிடையா. வளைவரைக்குக் கீழுள்ள பரப்பு இருந்தது. அதே பரப்பைச் சுழற்றிக் கன அளவு காண்பது இல்லை. நம் வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 35 மதிப்பெண்கள் உள்ளன. அங்கு இவை வந்தால் பிள்ளை என்ன எழுதும்? குறிப்பேடு இன்னும் கொடுமை. பாடநூலின் எடுத்துக்காட்டுக் கணக்குகளையே பிழையோடு மறுபடி தட்டச்சு செய்திருக்கிறார்கள். x-அச்சுக்குக் கீழே இறங்கும் வளைவரையின் பரப்பை நேர் எண்ணாக மாற்றாமல் குறை எண்ணாகவே விடையில் விட்டிருக்கிறார்கள்; அதைப் பார்த்து மகள் தனக்குத்தான் புரியவில்லை என்று அழுதாள். அதை என்னால் மன்னிக்க முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதலில் "மேலாளர் அழைப்பார்" என்றார்கள். எவரும் அழைக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு புகார் எண் வந்தது. மீண்டும் கேட்டதற்கு, பணம் கட்டிய 24 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று, கட்டும்போது எவரும் வாய் திறந்து சொல்லாத ஒரு நிபந்தனையைக் காட்டினார்கள். மற்றப் பெற்றோருக்கும் தெரியட்டும் என்று அவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். சிறிது நேரத்திலேயே என் எண்ணை நீக்கிவிட்டார்கள். நம்பிக் கட்டுங்கள் என்று சொன்ன பெண்ணின் எண் இப்போது எடுக்கப்படுவதே இல்லை. தையல் வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்த 9,800 ரூபாய் அது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை. மாதிரி வகுப்பை நம்பாதீர்கள். எட்டாம் பாடத்தின் முழுக் காணொளியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பணம் திரும்பும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். மொத்தத் தொகையை ஒரே தவணையில் கட்டாதீர்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள், குழுவிலிருந்து நீக்குவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் உடனே புகார் செய்யுங்கள். மகள் இப்போது பாடநூலையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துத் தன் பள்ளி ஆசிரியரிடமே மாலையில் சந்தேகம் கேட்டு வருகிறாள். அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.