ஹேவ்லாக்கில் ஒரு நாள் படகு: தூண்டிலும் பவளப்பாறையும், வேலூர்க்காரனின் விமர்சனம்

பாலாற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற ஊர் நம்முடையது. கடல் என்றால் எங்களுக்குப் பயமும் உண்டு, தீராத ஆசையும் உண்டு. காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு என்று ஐந்து நண்பர்கள் போன பிப்ரவரியில் அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவில் (2018-இல் பெயரை ஸ்வராஜ் த்வீப் என்று மாற்றிவிட்டார்கள், நாங்கள் பேசிய எல்லோரும் ஹேவ்லாக் என்றே சொன்னார்கள்) காலை ஆறிலிருந்து மதியம் ஒரு மணி வரை தனிப் படகு எடுத்தோம். மீன்பிடிக்கக் கொஞ்ச நேரம், மீதி நேரம் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி பார்ப்பது). ஐந்து பேருக்கும் சேர்த்து 15,000 ரூபாய்.

இரண்டு வருஷம் முன்னால் இதே தீவுக்குக் குடும்பத்தோடு வந்து, கூட்டத்தோடு கூட்டமாக வேறு ஒரு படகில் ஏறியிருந்தேன். இருபது நிமிஷம் ரப்பர் வளையத்தைப் பிடித்து இழுத்துக் காட்டிவிட்டு அடுத்த கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. நங்கூரத்தை நேராகப் பவளத்தின் மேலேயே போட்டார்கள், கிளை கிளையாக நின்றது நொறுங்கியதைத் தண்ணீருக்குள் தலையை வைத்தபடி பார்த்தேன். பவளம் கல் மாதிரி தெரிகிறதே தவிர உயிர்தான், சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டுகிற கூடு, பல வகைகள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். அந்த நொறுங்கல் மனசை விட்டுப் போகவே இல்லை.

அதனால் இந்த முறை ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நாலு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: நங்கூரம் எங்கே போடுவீர்கள்? மூன்று பேர் விலையைச் சொன்னார்கள். நாலாமவர், ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகம், "பார் மேல நான் போட மாட்டேன் தம்பி, மிதவையில கயிறு கட்டுவேன், இல்லேன்னா மணல் பார்த்துப் போடுவேன்" என்றார். பார் என்றால் பவளப்பாறை. அவர் படகையே பேசி முடித்தோம்.

அங்கே ஐந்தரைக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடுகிறது. முதலில் பாரைத் தாண்டி ஆழத்துக்குப் போய்த் தூண்டில். பார் பக்கத்தில் தூண்டில் போடவே விடவில்லை, அங்கே இருக்கிற மீன்தான் பாரைச் சுத்தமாக வைத்திருக்கிறது என்றார். ஓடுகிற படகின் பின்னால் தூண்டில் நரம்பை விட்டு இழுத்துக்கொண்டு போனதில் இரண்டு சூரை, ஒரு சீலா. அப்புறம் ஒரு பெரிய பாறை மீன் மாட்டியது. ஆற்காட்டு நண்பன் கால் மணி நேரம் போராடி இழுத்தான், கை நடுங்கியது. படம் எடுத்ததும் படகுக்கார அண்ணன் அதைத் தண்ணீருக்குள் தலை முன்னால் பார்க்கப் பிடித்துக்கொண்டு, செவுள் நன்றாக அசைந்து தானாக உதறிக்கொண்டு போகும் வரை விடவில்லை. நம்ம மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் கிடக்கிற மீனை மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிய விஷயம்.

ஸ்நார்க்கலிங்குக்குத்தான் அவரைப் பாராட்ட வேண்டும். எங்களில் மூன்று பேர் சின்ன வயதில் விவசாயக் கிணற்றில் நீந்தியவர்கள், இரண்டு பேருக்கு நீச்சலே தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து அரை மணி நேரம் வாயால் மூச்சு விட மட்டும் சொல்லிக்கொடுத்தார், அவசரமே காட்டவில்லை. பெரிய மீசைக்காரனுக்கு மாஸ்க்கில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, மீசை மேல் வாசலைன் தடவச் சொன்னார், நின்றுவிட்டது. எனக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது, பவர் வைத்த மாஸ்க் ஒன்று அவரிடம் இருந்தது! கண்ணாடி போடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே கேளுங்கள், கண்ணாடிக்கு மேல் மாஸ்க் உட்காராது.

பார்த்ததை எப்படிச் சொல்வது. கிளிமீன்கள் பாரைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கறுக் கறுக் என்று காதில் விழுகிறது. பாசியோடு சேர்த்துக் கல்லையும் அரைத்து அவை வெளியேற்றுவதுதான் அந்தக் கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு. நீலமும் மஞ்சளுமாய்க் கூட்டம் கூட்டமாய் மீன்கள் என் கைக்கு ஒரு முழம் தள்ளிப் போயின. ஆனால் வெளுத்துப்போன பகுதிகளும் நிறையவே இருந்தன. கடல் சூடானால் பவளம் தனக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிற பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துவிடும், அந்தமானில் 2010-இல் அப்படி நிறைய நடந்தது. அண்ணன் அந்த இடத்தையும் மறைக்காமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

குறைகளும் உண்டு. இரண்டு லைஃப் ஜாக்கெட்டில் பக்கிள் உடைந்திருந்தது, சொன்னதும் வேறு எடுத்துக் கொடுத்தார் என்றாலும் அது முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம். படகில் கழிவறை கிடையாது, பெண்களோடு போகிறவர்கள் யோசியுங்கள். நிழல் துணி பாதிப் படகுக்குத்தான். பதினோரு மணிக்கு மேல் வெயில் நம்ம ஊர் மே மாதத்துக்குக் குறையவில்லை. சன்ஸ்கிரீன் சிலவற்றில் பவளத்துக்கு ஆகாத ரசாயனம் உண்டு, முழுக்கை பனியன் போட்டுக்கொள்வதே நல்லது. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் போடுங்கள், ஏறின பிறகு போட்டுப் பயனில்லை, காட்பாடி நண்பன் அனுபவித்துவிட்டான்.

காலையில் பிடித்த சூரையை மதியம் மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார்கள். நம்ம பக்கம் சூரையை யாரும் விரும்பி வாங்குவதில்லை, பிடித்த அன்றே சாப்பிட்டுப் பாருங்கள். பதிலுக்கு ஆற்காட்டிலிருந்து கொண்டுபோன மக்கன் பேடா டப்பாவை அவர் வீட்டுக்குக் கொடுத்தோம்.

இன்னொன்று: கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டை நண்பன் பையில் போட்டான். திரும்பப் போடச் சொல்லிவிட்டார். எடுத்து வருவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் நன்றாக இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே ஜெட்டிக்குப் போய் நேரில் பேசுங்கள், விலைக்கு முன்னால் நங்கூரத்தைப் பற்றிக் கேளுங்கள்.