ஃபிளமெங்கோவும் பாரசீக இசையும்: சேன் தெனி கச்சேரி விமர்சனம்

ஸ்பெயினின் ஃபிளமெங்கோவையும் ஈரானின் பாரசீகச் செவ்வியல் இசையையும் இணைத்து, ரீயூனியன் தீவின் தலைநகரான சேன் தெனியில் ஆறு கலைஞர்கள் அண்மையில் கச்சேரி நிகழ்த்தினார்கள். அரங்க வாசலில் தந்த துண்டுப்பிரசுரம், 822-இல் ஸ்பெயினின் கோர்தோபா நகருக்கு வந்து சேர்ந்த பாக்தாத் இசைக்கலைஞர் சிர்யாபையே இக்கலப்பின் மூலபுருஷராகக் காட்டியது. ஃபிளமெங்கோ தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் உருப்பெற்றது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில்தான் என்பதால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டும் அந்த விளம்பரம் தேவையற்றது.

உண்மையான சவால் சுரத்தில் இருந்தது. ஹுமாயூன் என்னும் தஸ்த்காவின் (ராகம் போன்ற பாரசீக இசை அமைப்பின்) சுரங்கள் ஃபிளமெங்கோ கித்தாரின் வழக்கமான சுர வரிசையோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். நம் காதுக்கு இரண்டிலும் கர்நாடக ராகமான வகுளாபரணத்தின் சாயல் தெரியும். ஆனால் ஹுமாயூனின் ரிஷபம் கால் சுர அளவு உயர்ந்து நிற்கும். கித்தாரின் கழுத்தில் பதித்த நிலையான மெட்டுகளில் அதற்கு இடமே இல்லை. முதல் இரண்டு உருப்படிகளில் கித்தார் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் முழு நாண்களை (chords) மீட்டிக்கொண்டே இருந்ததால், பாரசீகப் பாடகர் அந்த ரிஷபத்தைத் தாழ்த்திப் பாட வேண்டியதாயிற்று. ஹுமாயூனின் உயிரே அதில் போய்விட்டது. மூன்றாவது உருப்படியில் கித்தார் கலைஞர் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் மெல்ல மீட்டி ஒதுங்கிக்கொண்டார். வில்லால் வாசிக்கும் பாரசீக நரம்பு வாத்தியமான கமாஞ்சேயின் கலைஞர், வில்லைத் திருப்பாமல் வாத்தியத்தையே அதன் அடியிலுள்ள முள்ளின்மேல் திருப்பித் திருப்பி, அந்த ரிஷபத்தில் நெடுநேரம் நின்று வாசித்தபோதுதான் கச்சேரி களைகட்டியது.

அதைத் தொடர்ந்த மார்த்தினெத்தே என்னும் ஃபிளமெங்கோ பாடலே மாலையின் உச்சம். கொல்லர் உலைக்களத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இப்பாடல் வகைக்குக் கித்தார் கிடையாது. ஆவாஸ் என்னும் தாளக்கட்டு இல்லாத பாரசீகப் பாடுமுறையும் அவ்வாறே தனிக்குரலை நம்பி நிற்பது. ஸ்பானியப் பாடகி ஒரு வரியை அடிவயிற்றிலிருந்து இழுத்து முடிக்க, பாரசீகப் பாடகர் அதே சுரத்தில் தொடங்கித் தஹ்ரீர் என்னும் தொண்டை உதறலால் அதைச் சிதறடித்தார். ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

தாளப் பகுதியைக் குறை சொல்ல முடியாது. புலேரியா என்னும் விரைவான ஃபிளமெங்கோ வகையின் 12 எண்ணிக்கை 3, 3, 2, 2, 2 எனப் பிரிய, பாரசீகக் கைத்தாள வாத்தியமான தொம்பக் அதை இரண்டு ஆறாகவே வைத்து வாசித்தது. ரீயூனியனின் மரபிசையான மலோயாவின் மும்மை நடையில் ஊறிய நம் தீவுக்காரர்கள் உடனே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தட்டு சில இடங்களில் பாடகியின் பால்மாஸோடு (ஃபிளமெங்கோ கைத்தட்டோடு) மோதியது வேறு கதை.

ஒலியமைப்பு மட்டும் ஏமாற்றம் அளித்தது. நடனப் பலகையின் அடியில் வைத்த ஒலிவாங்கியை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டதால், நடனக் கலைஞரின் குதிகால் ஒலியில் கமாஞ்சே பலமுறை மூழ்கிப்போயிற்று. குழு மறுபடி வந்தால் தயங்காமல் டிக்கெட் வாங்கலாம். கமாஞ்சேயை நேராகக் கேட்க விரும்புவோர், பின்வரிசையைத் தவிர்த்து, அந்தக் கலைஞர் அமரும் பக்கமாகவே இடம் பிடிப்பது நல்லது.