கீழமாசி வீதியில வாங்குன 3 வகை கிஸ்மிஸ், ஒரு மாசம் தின்னு பாத்துட்டு எழுதுறேன்

போன மாசம் பிளட் டெஸ்ட்ல எனக்கு ஹீமோகுளோபின் 9.4னு வந்துச்சு. டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதி குடுத்துட்டாங்க, ஆனா வீட்ல எங்க அத்தை விடல, மாத்திரை பாட்டுக்கு மாத்திரை இருக்கட்டும், காஞ்ச திராட்சைய ராத்திரி ஊறப்போட்டு காலைல வெறும் வயித்துல தின்னு, ரத்தம் தன்னால ஊறும்னு ஒரே பிடி. சரி, தின்னா என்ன, இனிப்பாத்தானே இருக்குன்னு ஆரம்பிச்சேன்.

முதல்ல ஆன்லைன்ல ஒரு பாக்கெட் வரவச்சேன் (பேரு வேணாம், விடுங்க). படத்துல பளபளன்னு தங்க கலர். பிரிச்சதும் தீக்குச்சிய உரசுன மாதிரி ஒரு வாடை குப்புன்னு அடிச்சுச்சு பாருங்க, அப்பவே மனசு விட்டுப்போச்சு. பாக்கெட்ட திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல 220னு ஒரு நம்பர் போட்டிருந்தான், அது சல்ஃபர் டை ஆக்சைடு. அந்த மஞ்சள் கலர் மங்காம இருக்கத்தான் கந்தகப் புகை காட்டுறாங்க. அளவோட இருந்தா எல்லாருக்கும் கெடுதல்னு சொல்ல முடியாது, ஆனா ஆஸ்துமா இருக்கவங்களுக்கு சிலருக்கு இழுப்ப கெளப்பி விட்டுரும். என் சின்னவனுக்கு வீசிங் உண்டு, அதனால அது அப்படியே குப்பைக்குப் போச்சு.

அப்புறம்தான் ஒழுங்கா கீழமாசி வீதிக்கே போனேன். மதுரைல மளிகைன்னா அங்கதான, மொத்த விலை கடைல சில்லறையா கால் கிலோவும் குடுப்பாங்க. அண்ணாச்சி மூணு சாக்க காட்டுனார். ஒண்ணு பச்சையும் மஞ்சளுமா நீளமா இருக்கறது, ரெண்டாவது பழுப்பு, பாக்க சப்புன்னு இருந்துச்சு, மூணாவது கருப்பு, விதையோட, நாட்டு மருந்துக் கடைல குடுக்கற அதே சரக்கு. ரெண்டாவது ஏன் விலை கம்மின்னு கேட்டதுக்கு, "கலர் இல்லைல்லம்மா, அதான். இதுவும் அதுவும் ஒரே தோட்டத்துப் பழந்தான், நிழல்ல காஞ்சா பச்சை, வெயில் பட்டா பழுப்பு"ன்னார். ரெண்டுமே மகாராஷ்டிரா சாங்கிலி பக்கம் இருந்து வருதாம். அங்க விதையில்லா திராட்சைய பொட்டாசியம் கார்பனேட்டும் ஒரு எண்ணெயும் கலந்த தண்ணில முக்கி எடுத்து, வலை வலையா அடுக்கி 15, 20 நாள் காய விடுவாங்க. முக்குனா தோல் மேல இருக்க மெழுகு விட்டு ஈரம் சீக்கிரம் வெளிய வந்துரும். நாலு கிலோ பழம் காஞ்சா ஒரு கிலோ கிஸ்மிஸ், அப்ப விலை ஏன் இப்படி விக்குதுன்னு புரியுது.

மூணையும் கால் கால் கிலோ வாங்கிட்டு வந்தேன்.

பச்சை: பாயாசத்துக்கு இதுதான். நெய்ய காய வச்சு போட்டா பத்து செகண்ட்ல பலூன் மாதிரி உப்பி உருண்டையாகி நிக்கும், உடனே கரண்டில அள்ளிரணும், அசந்தா கருகி கசந்துரும். சும்மா தின்ன லேசா புளிப்பு. காம்பு நிறைய இருந்துச்சு, உக்காந்து ஒண்ணொண்ணா கிள்ளுனேன், கடுப்பு. 10க்கு 6.

பழுப்பு: இதுதான் என் ஓட்டு. அழகில்ல, ஆனா தோல் மெல்லிசு, உள்ள சதை வெல்லப்பாகு மாதிரி. ஊறப்போட்டு விரல்ல அமுக்குனா நசுங்குது, பல் இல்லாத எங்க மாமனாரோட அம்மா கூட மென்னு முழுங்குறாங்க. 10க்கு 9.

கருப்பு: ஊறுன தண்ணி கட்டங்காப்பி கலர்ல வரும். விதை கடக் கடக்னு பல்லுல மாட்டுது, மருந்துன்னு நெனச்சா சாப்பிடலாம், ருசிக்குன்னா வேணாம்.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன், ரத்தம் ஊறுச்சா? ஊறுச்சு, 4 வாரத்துல 10.6 ஆச்சு. அத்தை தெருவுக்கே சொல்லிட்டாங்க, எல்லாம் காஞ்ச திராட்சைன்னு. நான் உக்காந்து கணக்கு போட்டேன். 100 கிராம் கிஸ்மிஸ்ல இரும்பு சுமாரா 2 மில்லிகிராம்தான். நான் தின்னது ஒரு கைப்பிடி, 30 கிராம், அதுல அரை மில்லிகிராமுக்கு கொஞ்சம் கூட. என் வயசுப் பொம்பளைங்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்லுது. கிஸ்மிஸ்லயே அத எடுக்கணும்னா தினம் ஒன்றரை கிலோ தின்னணும், 4000 கலோரிக்கு மேல போயிரும், அதுல ரத்தம் ஊறுதோ இல்லையோ நான் உருண்டுருவேன். ஏத்துனது மாத்திரைதான், அத அத்தைகிட்ட சொல்ற தைரியம் இன்னும் வரல.

ஆனா கிஸ்மிஸ் சும்மா இல்ல, வேற ஒரு வேலை பண்ணுச்சு. இந்த இரும்பு மாத்திரை போட்டவங்களுக்கு தெரியும், மூணாவது நாளே வயிறு கல்லாயிரும், காலைல பாத்ரூம்ல அரை மணி நேரம் தவம். முதல் வாரம் எனக்கும் அதே கதைதான். ஊறப்போட்ட கிஸ்மிஸ அந்த தண்ணியோட குடிக்க ஆரம்பிச்ச நாலஞ்சு நாள்ல சரியாச்சு. நார்ச்சத்து 100 கிராமுக்கு 4 கிராம் கிட்ட இருக்கு, டார்டாரிக் ஆசிட்னு ஒண்ணும் இருக்கு, ரெண்டும் சேந்து குடல இளக்கி விடும். அதோட காலைல டீய ஒரு மணி நேரம் தள்ளி வச்சேன், டீ இரும்ப உடம்புல சேர விடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூட இருந்தா நல்லா சேரும்.

பொட்டாசியமும் நல்லா இருக்கு, 100 கிராமுக்கு 750 மில்லிகிராம் பக்கம். கிட்னி பிரச்சனை இருக்கவங்க டாக்டர கேக்காம கை வைக்காதீங்க.

சர்க்கரைதான் பெரிய வில்லங்கம். 100 கிராம்ல 60 கிராமுக்கு மேல சர்க்கரை. எங்க மாமனாருக்கு சுகர், அவரு டிவி முன்னாடி உக்காந்து டப்பாவ மடில வச்சுக்கிட்டு, இது இயற்கை இனிப்புதானம்மான்னு அள்ளி அள்ளி போட்டுக்கிட்டாரு, அன்னைக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் மெஷின்ல குத்திப் பாத்தா 290. ஒரு கைப்பிடின்னா கிட்டத்தட்ட 4 ஸ்பூன் சர்க்கரை, ஊறப்போட்டாலும் அது எங்கயும் போகாது, தண்ணில எறங்கும், தண்ணியத்தான் நாம குடிச்சிர்றோமே. இப்ப அவருக்கு எண்ணி 10. பசங்களுக்கு குடுத்தா வாய கொப்பளிக்க வைங்க, பல்லிடுக்குல பசை மாதிரி ஒட்டிக்குது. வீட்ல நாய் இருந்தா கீழ சிந்தாம பாத்துக்கோங்க, நாய்க்கு கிட்னியே போயிரும்.

பழுப்பு டப்பா நேத்தோட காலி. இந்த வாரம் திரும்ப அண்ணாச்சி கடைக்கு போறேன், பழுப்பு அரை கிலோ, பச்சை பாயாசத்துக்கு 100 கிராம் போதும். கருப்பு இன்னும் அப்படியே இருக்கு, யாருக்காச்சும் வேணும்னா வந்து எடுத்துக்கோங்க.