வேதாளர் கதையும் முதல் எழுத்தை விழுங்கும் இன்டர்காமும்

ஓட்டுகிறவரும் பின்சீட்டில் இருப்பவரும் பேசிக்கொள்ள ஹெல்மெட்டுக்குள் மாட்டும் இன்டர்காம் விலை குறைந்திருக்கிறதாம். அலுவலகத்தில் ஒரு தம்பி, "அண்ணா, நீங்களும் அக்காவும் மாட்டியிருக்கீங்களே, அதையே வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. பின்சீட்டு ஹெல்மெட்டின் மைக் ஒயரை இரண்டாம் தடவையாகப் பற்றவைத்து வாங்கி வந்திருந்த நாள் அது. வாய்க்கு வந்தபடி ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து, எழுதித் தருகிறேன் என்றேன்.

பேட்டரி எவ்வளவு நேரம், ஸ்பீக்கர் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் டப்பாவிலேயே இருக்கும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். டப்பாவில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் போட்டிருப்பது தூரக் கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரிடமும் பேசலாமாம். என் மனைவி உட்காருவது எனக்கு ஒரு சாண் பின்னால். அந்த ஒரு சாணில்தான் இந்தக் கருவி தடுமாறுகிறது.

விஷயம் இதுதான். பேச்சு இல்லாத நேரத்தில் கருவி மைக்கைத் தூங்க வைத்துவிடும். காற்றுச் சத்தம் எதிராளி காதில் விழக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏற்பாடு, யோசனை நல்ல யோசனைதான். குரல் கேட்டதும் மைக் விழித்துக்கொள்ளும். ஆனால் அது விழிப்பதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. ஆப்பில் இதன் கூர்மையைக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டினால் வண்டி அறுபதைத் தாண்டியதும் காற்றையே குரல் என்று நினைத்துக்கொண்டு மைக் மூடவே மூடாது. அவினாசியில் ஏறினால் பெருந்துறை வரை காதுக்குள் புயல்தான். குறைத்தால் எழுத்து விழுங்கல். நடுவில் வைத்துப் பார்த்தோம், புயலும் கொஞ்சம் இருந்தது, விழுங்கலும் கொஞ்சம் இருந்தது.

ஓட்டுகிறவர் ஹெல்மெட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. பின்னால் இருப்பவருக்குத்தான் கஷ்டம். முன்னால் இருப்பவரின் தோளிலும் ஹெல்மெட்டிலும் பட்டுச் சிதறிய காற்று பின்சீட்டில் சுழன்று சுழன்று அடிக்கும். மைக்குக்கு எது காற்று, எது குரல் என்று பிரிக்க முடியாத இடம் அது. போதாததற்கு அவள் ஹெல்மெட்டில் தாடைப் பகுதி கொஞ்சம் முன்தள்ளி இருக்கும். மைக் உதட்டை உரசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது வாங்கி ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒட்டிய இடத்திலிருந்து பெயர்த்து, அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து உயர்த்தினேன். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதியோடுதான் இன்றுவரை குடும்பம் நடக்கிறது.

"டீ குடிக்கலாமா" என்பதில் டீ விழுந்துவிட்டாலும் பேச்சு புரியும். சாதாரணப் பேச்சு பேசும் ஜோடிக்கு இது பெரிய குறையே இல்லை. ஆனால் எங்கள் வண்டியில் ஓடுவது வேதாளர் கதை, ஆங்கிலத்தில் பேண்டம் என்கிற காட்டு முகமூடி வீரரின் காமிக்ஸ்.

முத்து காமிக்ஸ் பைண்டு போட்டு அடுக்கியிருந்த வீட்டில் வளர்ந்தவள் அவள். நான் ராணி காமிக்ஸ். அங்கே இதே முகமூடிக்காரர் மாயாவி. அந்தச் சண்டையெல்லாம் கல்யாணமான புதிதிலேயே போட்டு முடித்துவிட்டோம், அவள் ஜெயித்தாள். வெளியூர் போனால் பழைய புத்தகக் கடை எங்கே என்று கேட்பதும், ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வண்டியிலேயே போய் ஜிப் உறையில் காமிக்ஸைப் போட்டு டேங்க் பையில் திணித்துக்கொண்டு வருவதும் எங்கள் வழக்கம். ஆனால் இந்தக் கதைகளை ஓடும் வண்டியில் காதால் கேட்க முடியும் என்று இன்டர்காம் வாங்குகிற வரை எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதுவரை பின்சீட்டில் இருந்து வந்த தகவல் எல்லாம் தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் மெதுவாகப் போ, அவ்வளவுதான்.

ஓடும் வண்டியில் அவள் புத்தகம் பிடித்துப் படிப்பாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காற்று பக்கத்தைக் கிழித்துவிடும், ஒரு கையையாவது அவள் பிடிமானத்தில் வைத்திருக்கவும் வேண்டும். முந்தைய நாள் ராத்திரி படித்துவிட்டு, மறுநாள் வண்டியில் நினைவில் இருந்து சொல்வாள். இதற்கு வேதாளர் கதை மாதிரி வேறு எதுவும் பொருந்தி வரவில்லை. துப்பறியும் நாவல் ஒன்றை முயன்றோம், பல்லடம் தாண்டுவதற்குள் யார் யாருக்கு மச்சான் என்பது எனக்குக் குழம்பிவிட்டது.

லீ ஃபாக் இந்தக் கதையை 1936 பிப்ரவரியில் அமெரிக்கச் செய்தித்தாள்களுக்காகத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரிசை, அதில் இரண்டோ மூன்றோ நான்கோ கட்டங்கள். நேற்றையப் பேப்பரை வாங்காதவனும் இன்று வாசிப்பான். அதனால் முதல் கட்டத்தில் நேற்று நடந்ததை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கட்டத்தில் நாளைக்கும் பேப்பர் வாங்க வைக்கிற மாதிரி ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். கதவு திறக்கும், கத்தி பறக்கும், இல்லையென்றால் யாரோ ஒருவன் தாடையில் வேதாளர் மோதிரத்தின் மண்டையோட்டு முத்திரை விழும். இதே கதை தமிழில் முழுப் புத்தகமாக வரும்போது இந்த முன்கதைக் கட்டங்கள் கொஞ்சம் அலுப்பூட்டும். இப்போதுதானே சொன்னாய், மறுபடியும் ஏன் என்று தோன்றும். வண்டியில் அதுவே வசதியாகிவிடுகிறது. லாரியை முந்தும்போது நான் இடது கையை லேசாகத் தூக்கினால் அவள் நிறுத்திவிட வேண்டும், அது எங்கள் விதி. முந்தி முடித்ததும் அடுத்த வரிசையின் முதல் கட்டத்தில் இருந்து தொடங்குவாள். விட்டது எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

கொல்லிமலை ஏறியபோதுதான் இது உச்சத்துக்குப் போனது. காரவள்ளியில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு வரிசை என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். வளைவில் நான் கியரைக் குறைத்துத் திரும்பும் நேரத்தில் வாயே திறக்க மாட்டாள். திருப்பம் முடிந்து வண்டி நிமிர்ந்ததும் மூன்று கட்டம். அடுத்த வளைவின் எண் பலகை தெரியும்போது கத்தி அந்தரத்தில் நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு வார்த்தை வராது. இரண்டாவது கியரில் ஊர்கிற வேகத்தில் காற்றுச் சத்தமும் கிடையாது, குரல் ரேடியோ நாடகம் மாதிரி வரும். செம்மேட்டில் இறங்கிக் காலை நீட்டியபோது, இன்னும் பத்து வளைவு இருந்திருக்கலாமே என்று நானே சொன்னேன். எனக்கு முதுகுவலி உண்டு என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

படம் இல்லாமல் என்ன காமிக்ஸ் என்று கேட்கலாம். அதையும் அவள் சொல்லிவிடுவாள். 1961ல் இருந்து முப்பது வருஷத்துக்கு மேல் வரைந்த சை பேரிதான் அவளுக்குப் பிடித்த ஓவியர். "இப்போ முதுகைக் காட்டி நிக்கிறார், தூரத்துல டெவில் காதைத் தூக்கிட்டு நிக்குது" (டெவில் என்பது வேதாளரின் ஓநாய்) என்று கட்டத்தை வார்த்தையால் வரைவாள். அப்புறம் அந்தக் காட்டுப் பழமொழிகள். கதையில் அடிக்கடி வரும் சமாச்சாரம் அது. இவள் சொந்தமாகவும் இட்டுக்கட்டுவாள். "வனத்தில் ஒரு பழமொழி உண்டு: வேதாளரே ஆனாலும் வளைவில் ஹாரன் அடிப்பார்." இது கதைக்கா எனக்கா என்று கேட்டால் பதில் வராது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அந்த விழுங்கல் எரிச்சலைக் கிளப்புகிறது. வேதாளரின் நண்பன் குரன் என்றால் எனக்கு ரன். சிங் கொள்ளையர்கள் வெறும் கொள்ளையர்கள் ஆகிவிடுவார்கள், அது பரவாயில்லை. வால்பாறை போனபோது நடந்ததுதான் மறக்க முடியாதது. ஆழியாறில் தொடங்கி அட்டகட்டி வழியாக 40 வளைவும் ஏறி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். பொழுது சாய்கிற நேரம். யானை நடமாடும் பகுதி என்று வனத்துறை பலகை வைத்திருக்கும் சாலை. கதையில் வேதாளரின் காதலியைக் கடத்திவிட்டார்கள். சஸ்பென்ஸுக்காக இவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மைக் தூங்கிவிட்டது. திடீரென்று ஒரு கத்தல்: "டயானா! அங்கே பார்!"

எனக்கு வந்து சேர்ந்தது "யானா! அங்கே பார்!"

அடித்த பிரேக்கில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது. அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதிய சத்தம் மட்டும் இன்டர்காமில் ஓர் எழுத்து குறையாமல் கேட்டது. பின்னால் வந்த ஜீப்காரர் இறங்கி, "எங்கீங்க?" என்று தேயிலைச் செடிகளுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். அவரிடம் என்ன சொல்வது? போயிடுச்சுங்க என்றேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எந்த வாக்கியத்தையும் "ஏனுங்க" என்று தொடங்குவது. கருவி அந்த ஏனுங்கவைத் தின்றுவிட்டு விழித்துக்கொள்ளும், மீதி முழுசாக வந்து சேரும். ஆப்பில் இல்லாத தீர்வு இது. கம்பெனி ஆட்கள் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளலாம். பக்க விளைவு ஒன்று உண்டு. வீட்டில் ஏனுங்க என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை என்கிறாள். அதற்கும் கருவியைத்தான் காரணம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மழையில் குறை சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவமழையில் வால்பாறைப் பக்கம் நனைந்தவர்களுக்கு அது என்ன மழை என்று தெரியும். தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்க்கும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அங்கேதான் இருக்கிறது. ரெயின்கோட்டுக்குள் தண்ணீர் போனது, ஷூவுக்குள் போனது, இதற்குள் போகவில்லை. வழிகாட்டி ஆப்பையும் இதோடு இணைத்தால் கதை கெட்டது. வேதாளர் கதவை உதைக்கப் போகும் நேரமாகப் பார்த்து, ஒரு பெண் குரல் இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பச் சொல்லும். அது பேசி முடிக்கிற வரை பின்சீட்டுக் குரல் அமுங்கிவிடும். அதை நிறுத்திவிட்டு, வழியில் ஆளைக் கேட்டே போகிறோம்.

ரிப்பேர் கதைதான் என் ரத்த அழுத்தத்தை ஏற்றியது. மைக் ஒயர் பிளக்கை ஒட்டிய இடத்தில் அற்றுப்போகிறது. கன்னப் பஞ்சைக் கழற்றித் துவைத்து மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இடம்தான் மடங்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் மைக் தனியாகக் கிடைக்காது, செட்டோடுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். ஓர் ஒயருக்கு ஒரு செட்! காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் ரப்பர் உறையைச் சீவி எடுத்துக் காட்டினார். உள்ளே முடி மாதிரி செம்புக் கம்பிகள், நடுவில் நூல் இழை, கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு. "இதை எரிக்காம ஈயம் ஒட்டாதுங்க" என்று சொல்லி, சூடான முனையில் பூச்சைப் பொசுக்கி, அதற்குப் பிறகு பற்றவைத்து, மேலே ஒரு சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டினார். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் சர்வீஸ் சென்டர்காரர்களுக்கு வெட்கமாக இருக்கும், இருக்க வேண்டும். ஆனால் ஒரு மழைக்காலம் போனதும் அதே இடத்தில் மறுபடியும் அற்றது.

அதனால், வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். விலை குறைந்ததற்கே காரணம் இருக்கும், அடுத்த மாடல் வரப்போகிறதோ என்னவோ. உதிரி மைக் தனியாக விற்கும் கம்பெனி எது என்று பார்த்து, கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். கடையில் ஹெல்மெட்டோடு நின்று பேசிப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. பின்சீட்டில் ஆளை உட்கார வைத்து, ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். முதல் எழுத்து வந்தால் காசைக் கொடுங்கள். இதைத்தான் அந்தத் தம்பிக்கு அனுப்பப் போகிறேன்.

எழுதியதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். பாதி விலைக்குக் கிடைக்கும்போது நாமே இன்னொரு செட் வாங்கி வைத்துக்கொண்டால் மைக்குக்கு மைக் ஆச்சு, ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஆச்சு என்கிறாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு எடுத்து வைத்திருப்பது வேதாளர் கல்யாணக் கதை. 1936ல் பார்த்த டயானாவுக்கு 1977ல் தாலி கட்டியவரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அதை வழி நெடுகச் சொல்லித் திட்ட வேண்டுமாம், அதற்கு மைக் சரியாக இருக்க வேண்டுமாம். ஆர்டர் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை வருகிறது.