'ஃபைல் கரப்ட்' என்றால் முதலில் லிபர்ஆபிஸ் கால்க்கில் திறந்து பாருங்கள்

மாதக் கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் கணக்குப் பிரிவில் கேட்கும் பேச்சு இது: "ரிப்போர்ட் எடுத்தாச்சு, எக்ஸெல்ல தொறக்கல, ஃபைலு கரப்ட் ஆயிடுச்சு." அந்த நேரத்தில் காசு கொடுத்து ரிப்பேர் மென்பொருள் வாங்குவதற்கு முன் லிபர்ஆபிஸ் கால்க்கை நிறுவுங்கள். 2010-ல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த லிபர்ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில், எக்ஸெல் போல அட்டவணைக் கணக்குப் போடும் பகுதி இது. எக்ஸெல் இருக்கிற கணினியிலேயே பக்கத்தில் இருந்துகொள்ளும்.

கால்க் நன்றாகச் செய்கிற வேலை, பெயர் ஒன்றும் உள்ளடக்கம் வேறுமாக வரும் ஃபைலைத் திறப்பது. பழைய ஸ்டோர்ஸ், வருகைப்பதிவு மென்பொருள்கள் சில, எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதும் வடிவம்) அட்டவணையை எழுதிவிட்டு அதற்கு எக்ஸெல் பெயர் சூட்டிவிடும். ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி எக்ஸ்எல்எஸ் (பழைய எக்ஸெல் வடிவம்) என்றால் எக்ஸெல் எச்சரித்துவிட்டுத் திறக்கும்; எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (புதிய வடிவம்) என்றால் திறக்கவே மறுக்கும். கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஃபைலை நோட்பேடில் திறங்கள். பி, கே (PK) என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது உண்மையான எக்ஸ்எல்எஸ்எக்ஸ். கோண அடைப்புக்குறியில் தொடங்கினால் எச்டிஎம்எல் அல்லது எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களுக்குள் தரவை எழுதும் வடிவம்). எச்டிஎம்எல் என்றால் கால்க்கின் திறக்கும் பெட்டியில் ஃபைல் வகையை 'எச்டிஎம்எல் டாக்குமென்ட் (கால்க்)' என்று வைத்துத் திறங்கள். அட்டவணை கட்டம் கட்டமாக வந்துவிடும். உள்ளே லாகின் பக்கம்தான் இருக்கிறது என்றால், பதிவிறக்கும் நேரத்தில் செஷன் முடிந்துவிட்டது என்று பொருள். மறுபடி உள்நுழைந்து ரிப்போர்ட்டை எடுக்க வேண்டியதுதான்.

சிஎஸ்வி ஃபைலிலும் (காற்புள்ளியால் பத்தி பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) கால்க்குக்கே என் ஓட்டு. திறக்கும்போதே ஒரு பெட்டி வந்து எழுத்து முறை என்ன, எந்தப் பத்தி எப்படி என்று கேட்கும். யூனிகோட் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே வரும். எக்ஸெல்லில் இரட்டைக் கிளிக் செய்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியுமாகக் கொட்டுவதற்குக் காரணம் இந்த எழுத்து முறைக் குழப்பம்தான். வங்கிக் கணக்கு எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். எண்ணாக எடுத்துக்கொண்டால் 15 இலக்கம்தான் நிற்கும். 16-வது இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யமும் போய்விடும். அப்படிச் சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை, சம்பளம் வேறு கணக்குக்குப் போகும் அபாயம் உண்டு. தேதிப் பத்திக்கு நாள்-மாதம்-ஆண்டு வரிசை கொடுக்க மறக்காதீர்கள்.

கால்க்கால் முடியாதவையும் உண்டு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். அதன் பொருளடக்கம் கடைசியில்தான் இருக்கிறது. பாதியில் அறுந்த பதிவிறக்கத்தில் அந்தக் கடைசிப் பகுதியே இருக்காது. ஜிப் பொட்டலங்களைத் திறக்கும் 7-ஜிப் மென்பொருளில் 'டெஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். பிழை காட்டினால் தேதி வரம்பைக் குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் 65,536 வரிதான் கொள்ளும். 1,100 பேர், 30 நாள், தினம் இரண்டு பஞ்ச் (வருகைப்பதிவு) என்றால் 66,000 வரி. மிஞ்சியதை ரிப்போர்ட் எழுதவே இல்லை என்றால் எந்த மென்பொருளாலும் அதைக் கொண்டுவர முடியாது.

இன்னொரு வியாதி & குறி. 'வெட் ப்ளூ & கிரஸ்ட்' என்று தோல் சரக்கின் பெயர் இருந்து, ரிப்போர்ட் மென்பொருள் அதை எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதாமல் விட்டால், எக்ஸெல் 'உள்ளடக்கத்தில் சிக்கல்' என்று நிற்கும். இதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். நகல் எடுத்து, 7-ஜிப்பில் திறந்து, உள்ளே ஷேர்டுஸ்டிரிங்ஸ் (sharedStrings) என்ற, கட்டங்களின் எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் ஃபைலை வெளியே எடுத்து பிரவுசரில் போடுங்கள். பிழை இருக்கும் வரி எண்ணை அதுவே சொல்லும். நோட்பேட்++ கொண்டு தனியாக நிற்கும் &-க்குப் பின் ஏ, எம், பி (amp) ஆகிய சிறிய ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் ஒட்டி எழுதி, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, அதே இடத்துக்கு இழுத்துப் போடுங்கள். முழுவதையும் பிரித்து மறுபடி ஜிப் செய்யாதீர்கள். வெளி ஃபோல்டரும் சேர்ந்துகொண்டால் புதிய சிக்கல். நிரந்தரத் தீர்வு, மென்பொருள் கொடுத்தவரிடம் சொல்லித் திருத்துவதுதான்.

இணையத்தில் ஃபைலை ஏற்றச் சொல்லும் ரிப்பேர் தளங்களைத் தொடவே வேண்டாம். சம்பளப் பட்டியலில் தொழிலாளிகளின் பிஎஃப் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. அவற்றை முகம் தெரியாதவரிடம் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

எக்ஸெல்லின் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' வசதியைப் பயன்படுத்தினாலும் சரி, கால்க்கில் திறந்தாலும் சரி, ரிப்பேரான ஃபைலை அப்படியே ஆடிட்டருக்கு அனுப்பாதீர்கள். படிக்க முடியாத பதிவுகளை எக்ஸெல் நீக்கிவிடும். நீக்கியதற்கு ஒரு சிறு பெட்டிதான் சாட்சி. அதே ரிப்போர்ட்டைப் பிடிஎஃப்பாக எடுத்து, வரி எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.