சமையல் வகுப்பு அருமை, அளவெடுப்பதைத்தான் திருத்த வேண்டும்

திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளின் அம்மாமாருக்கும் நடக்கிற போஷாக்குத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். என் தங்கையும் அவளுடைய மகளும் அதில் இருக்கிறார்கள், நானும் கூடப் போய்ப் பார்த்தேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சமையலுக்கு முழு ஐந்தும் கொடுக்கலாம், குறைத்தது பெரும்பாலும் பிள்ளைகளை அளவெடுக்கிற விதத்துக்காக.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வெளியிலிருந்து எதையும் கொண்டுவருவதில்லை. முருங்கை இலை, பயறு, கௌபி, முட்டை, நெத்தலி, சூடை என்று ஊரில் கிடைப்பதை வைத்துத்தான் சமைத்துக் காட்டுகிறார்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தண்ணீர்க் கஞ்சி கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது, அதனால் கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத பதத்தில் சோறும் பருப்பும் மசித்து, முள் நீக்கிய மீனைச் சேர்த்து, கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு அங்கேயே ஊட்டவும் வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, அம்மம்மாமாரையும் மாமிமாரையும் கூப்பிட்டு உட்கார வைத்ததுதான். சின்னப் பிள்ளைக்கு மீன் ஆகாது என்று வீட்டில் தடுப்பவர்கள் அவர்கள்தானே, அம்மாவுக்கு மட்டும் சொல்லி என்ன பயன்? கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் கொடுக்கிற திரிபோஷா சத்துமா பைக்கற் வீட்டுக்கு வந்தால் அது முழுக் குடும்பத்துக்கும் பங்காகிவிடுகிறது என்பதையும் யாரையும் குற்றம் சொல்லாமல் பேசினார்கள்.

இனி குறை. பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுவதைக் குறைப்பதுதான் திட்டத்தின் நோக்கம் என்கிறார்கள். வளர்ச்சி குன்றல் என்பது வயதுக்கேற்ற உயரம் இல்லாதது, ஆனால் கூட்டத்தில் காட்டிய முன்னேற்றம் முழுக்க நிறையைப் பற்றியது! நிறை ஒரு வயிற்றோட்டத்தில் இறங்கும், நாலு நல்ல கிழமையில் ஏறும். உயரம் அப்படி இல்லை. அதுவும் முதல் அளவை மார்கழியில் எடுத்திருக்கிறார்கள். அந்த நேரம் கடல் கொந்தளிக்கும், தொழில் இல்லை, வீட்டில் காசும் இல்லை, மழையோடு காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரும். அடுத்த அளவை ஆவணியில், கடல் அமைதியாகி மீன் படுகிற காலத்தில் எடுத்திருக்கிறார்கள். திட்டமே இல்லாவிட்டாலும் நிறை கூடியிருக்கும். அதே மாதத்தில் திரும்ப அளக்க வேண்டும், திட்டம் போகாத பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் எது திட்டத்தால் வந்தது, எது கடலால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

அளக்கிற முறையும் சரியில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பலகையில் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்டி அளக்க வேண்டும், அதற்கு மேற்பட்ட பிள்ளையை நிற்க வைக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் ஏறக்குறைய 0.7 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். இங்கே சுவரில் ஒட்டிய நாடாவில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள், நடக்கப் பழகுகிற பிள்ளை அழுதுகொண்டு வளைந்து நிற்கிறது, அந்த எண்ணும் பதிவாகிறது.

இலங்கையில் 2016 நாடளாவிய சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 17 சதவீதம் பேருக்கு வளர்ச்சி குன்றியிருந்தது. இது சின்ன விஷயம் இல்லை, உயரத்தோடு நிற்காமல் படிப்பையும் பாதிக்கிறது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான ஆயிரம் நாளில்தான் இதற்கு அதிகம் செய்யலாம். அப்படியிருக்க, இங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளின் அம்மாமார். அவர்களும் வரட்டும், ஆனால் கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்க் கூட்டி வர வேண்டும். எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்று ஊருக்குப் பொறுப்பான மருத்துவமாதுவான குடும்ப நல மிஸ்ஸுக்குத் தெரியும், அவரோடு சேர்ந்து செய்தால் வேலை சுலபம்.

இன்னொன்று, வகுப்பு காலையில் நடக்கிறது. கூலி வேலைக்கும் மீன் காயவைக்கிற கருவாட்டு வாடிக்கும் போகிற அம்மாமார் அந்த நேரம் எப்படி வருவார்கள்? இடையில் நின்றவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான், கணக்கெடுக்கும்போது அந்தப் பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள்.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர்களும் தயங்காமல் போய்ச் சேருங்கள், சமையல் வகுப்புக்காக மட்டுமே போகலாம். போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோய், நிறையோடு உயரத்தையும் அதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.